பின்வரிசைக்கும் தெரிய வேண்டிய தடயம்

துப்பறியும் நாவல் தொடர்களையும் அவற்றின் மேடை வடிவங்களையும் பற்றி, கொங்கு வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கே: ஒரு துப்பறியும் கதையை மாரியம்மன் நோம்பிக்கு நாடகமாகப் போட்டோம். இடைவேளையிலேயே 'மேனேஜர்தான் கொன்னது'னு சனங்க சொல்லிட்டாங்க. படிக்கும்போது எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை. எங்கே தப்பு?
(கரூர் வாசகர்)

ப: நாவலில் வாசகரின் கண் எழுத்தாளரின் கையில் இருக்கிறது. 'வாசலில் மேனேஜர் நின்றிருந்தார்' என்று அரை வரி எழுதிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விடலாம். மேனேஜரும் நம் நினைவிலிருந்து போய்விடுவார். மேடையில் அவர் போக மாட்டார். நாற்பது நிமிடம் வாசலிலேயே நிற்பார், கூட்டம் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேலையில்லாமல் ஒருவர் நின்றால் 'இவரை எதுக்கு வெச்சிருக்காங்க?' என்று தோன்றாமல் இருக்குமா?

ஆகவே குற்றவாளிக்குக் கதையில் வேறொரு வேலை வேண்டும். அவர் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தால்தான் சண்டை மூளும், அவர் வண்டியை எடுத்தால்தான் டாக்டர் வருவார் என்பதுபோல, அந்த வேலை இல்லாவிட்டால் காட்சியே நகராது என்னும் அளவுக்கு அது அவசியமானதாக இருக்கட்டும். அடுத்து, குழுவின் நல்ல நடிகருக்கு அந்த வேடத்தைக் கொடுத்திருப்பீர்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த நடிகர் முதல் பாதியில் ஆறு வரி பேசிவிட்டு ஒதுங்கி நின்றால், மீதியைச் சனங்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். அவரைப் போலவே ஊருக்குத் தெரிந்த இன்னொருவருக்கும் சின்ன வேடம் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு குழம்பும்.

ஆனால் பெரும்பாலான நாடகங்களைக் கெடுப்பது இந்த இரண்டும் அல்ல, தடயத்தைச் சொல்லும் விதம். தடயம் வரும் வரியில் நடிகர் சற்று நிறுத்துகிறார். இசைக்காரர் ஒரு 'டொய்ங்' போடுகிறார். லைட் போடுபவர் முகத்தில் வெளிச்சத்தைக் குவிக்கிறார். மூன்று பேரும் சேர்ந்து பார்வையாளரிடம் 'இதைக் குறித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள்.

தடயம் மூன்று முறை வர வேண்டும். முதல் முறை வேறொரு பரபரப்புக்கு நடுவே வரட்டும். தட்டு விழுகிறது, எல்லோரும் அங்கே திரும்புகிறார்கள், அப்போது ஒருவர் சாவியைச் சட்டைப் பையில் போடுகிறார். இரண்டாம் முறை ஒரு சிரிப்புக்குச் சற்று முன்னால் வரட்டும். சிரிப்புக்குப் பின்னால் வைத்தால் சிரிப்பொலி அந்த வரியை விழுங்கிவிடும். மூன்றாம் முறை துப்பறிபவரின் வாயிலிருந்து. முதலுக்கும் மூன்றாவதற்கும் இடையில் இருபது நிமிடமாவது இருக்கட்டும். ஒரே முறை வைத்தால் இருமலிலும் குழந்தை அழுகையிலும் பாதிப் பேர் தவறவிட்டு, முடிவில் 'இதை எப்பச் சொன்னாங்க?' என்று கேட்பார்கள். நான்கு முறை வைத்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

பொருளாக இருக்கும் தடயம் பின்வரிசைக்கும் தெரிய வேண்டும். கல்யாண மண்டபத்தில் கடைசி நாற்காலி அறுபது அடி தள்ளி இருக்கும். அங்கிருந்து ஒரு பொத்தானையோ கடிதத்தின் கையெழுத்தையோ யாராலும் பார்க்க முடியாது. பொத்தானைக் கிழிந்த துண்டாகவும், துண்டை மேடையில் வேறு யாரும் உடுத்தாத நிறமாகவும் மாற்றுங்கள். சந்தேகத்துக்குரியவர்களும் ஐந்து அல்லது ஆறு பேர் போதும். ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் கொலைக் கதையை 2017இல் அமெரிக்க நாடக ஆசிரியர் கென் லுட்விக் மேடைக்கு மாற்றியபோது, நாவலில் பன்னிரண்டாக இருந்த சந்தேகப் பயணிகளை எட்டாகக் குறைத்தார். பெயர் மறந்தால் முந்தைய பக்கத்தைப் புரட்ட வாசகரால் முடியும், பார்வையாளரால் முடியாதே.

கே: அகதா கிறிஸ்டி தன் நாடகங்களிலிருந்து துப்பறிவாளர் பொய்ரோவை நீக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தொடரின் நாயகனையே யாராவது நீக்குவார்களா?
(ஈரோட்டிலிருந்து கல்லூரி மாணவி)

ப: நீக்கினார். ஒரு முறை அல்ல, பல முறை. ஆனால் அந்த முடிவுக்கு அவர் மெல்லத்தான் வந்தார். 1926இல் வந்த ரோஜர் அக்ராய்டு கொலை நாவலை மைக்கேல் மார்ட்டன் என்பவர் 'அலிபி' என்ற பெயரில் நாடகமாக்கினார். 1928இல் லண்டனில் சார்லஸ் லாட்டன் பொய்ரோவாக நடித்தார். மேடையில் முதல் பொய்ரோ அவர்தான். பொய்ரோவின் வயதில் இருபதைக் குறைத்து, பெண்கள் பின்னால் சுற்றும் ஆளாக்க மார்ட்டன் விரும்பினார். கிறிஸ்டி கடுமையாக எதிர்த்து அதைத் தடுத்தார். போதாததற்கு, அந்த நாவலின் உயிர் கதை சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது. அதை மேடைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். (படிக்காதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லவில்லை.) பிறகு கிறிஸ்டியே 1930இல் 'பிளாக் காபி' என்று பொய்ரோவுக்கென ஒரு நாடகம் எழுதினார்.

அதன்பின் தன் பொய்ரோ நாவல்களை அவரே மேடைக்கு மாற்றும்போதெல்லாம் பொய்ரோ இல்லை. 1945, 1946, 1951, 1960 ஆகிய ஆண்டுகளில் லண்டனுக்கு வந்த நான்கு நாடகங்களும் அப்படித்தான். நைல் நதிக் கதையில் அவர் இடத்தில் ஒரு பாதிரியார் வருகிறார். காரணத்தை ஒத்திகை நடத்தினாலே புரிந்துகொள்ளலாம். மீசையும் நடையும் பேச்சுமாகப் பொய்ரோ உள்ளே வந்த கணத்தில் கூட்டத்தின் கண் முழுக்க அவர்மேல் போய்விடும். துக்கமும் பயமும் பொறாமையுமாக நிற்கும் மற்ற ஐந்து பேரை யாரும் பார்க்க மாட்டார்கள். துப்பறியும் நாடகத்தில் பார்க்க வேண்டியது அந்த ஐந்து பேரைத்தான். தவிர, துப்பறிபவர் பெரும்பாலும் கேள்வி கேட்கிறவர். ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல என்று ஒரு மணி நேரம் ஓடினால் அது விசாரணைக் கமிஷன் ஆகிவிடும்.

உங்கள் குழு நாயகனை நீக்க வேண்டியதில்லை. தாமதமாகக் கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேர நாடகம் என்றால் முதல் முப்பத்தைந்து நிமிடம் அவர் இல்லாமலே நகரட்டும். வந்தபின்னும் ஒவ்வொரு காட்சியிலும் அவருக்கு நடு இடம் கொடுக்காதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்கட்டும்.

கே: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றை நாடகமாக்க ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா? தமிழ்த் தொடர்களுக்கு எப்படி?
(கோபிசெட்டிபாளையம் ஆசிரியை)

ப: இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஆர்தர் கோனன் டாயில் 1930இல் இறந்தார். ஹோம்ஸ் நாவல்கள் நான்கும் சிறுகதைகள் ஐம்பத்தாறும் இங்கே யாரும் எடுத்தாளலாம். ஆனால் கடையில் வாங்கிய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து வசனத்தை அப்படியே எடுக்காதீர்கள். மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. ஆங்கில மூலத்தைப் படித்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அகதா கிறிஸ்டி 1976இல் இறந்தார், அவர் எழுத்துகளுக்கு 2036 முடியும்வரை உரிமை இருக்கிறது. தமிழில் வடுவூர் துரைசாமி அய்யங்கார் (இறப்பு 1942), தேவன் (இறப்பு 1957) இருவரின் எழுத்துகளுக்கும் காலம் முடிந்துவிட்டது. சுஜாதாவுக்கு 2068 வரை உண்டு. விவேக், ரூபலா கதைகளைத் தரும் கோவை ராஜேஷ்குமார் நம்மிடையே எழுதிக்கொண்டிருப்பவர், அவரிடம் கேட்காமல் செய்யவே கூடாது.

பள்ளி நிகழ்ச்சியாக மாணவர்களும் ஆசிரியர்களும் நடித்து, பார்ப்பவர்களும் மாணவர், ஆசிரியர், பெற்றோர் வட்டத்துக்குள் இருந்தால் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் இல்லாமல் அமெச்சூர் குழு நடத்துவதற்கும் விலக்கு உண்டு. இவை நடிப்பதற்கான விலக்குகள். நாவலை நாடகமாக மாற்றி எழுதுவது வேறு உரிமை. அதனால் உரிமை உள்ள கதை என்றால் பதிப்பகம் வழியாக எழுத்தாளருக்கோ வாரிசுக்கோ கடிதம் எழுதி எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள். எத்தனை நிகழ்ச்சி, எந்த ஊர், டிக்கெட் உண்டா, வீடியோ எடுத்து இணையத்தில் போடுவீர்களா என்ற நான்கையும் கடிதத்தில் சொல்லுங்கள். பிற்பாடு தகராறு வருவது பெரும்பாலும் வீடியோவால்தான்.

கே: வெளிநாட்டுக் கதைகளில் பனி கொட்டி வீடு துண்டிக்கப்படும், கொலைகாரன் உள்ளேயே இருப்பான். நம்ம பக்கம் அதை எப்படிங்க நம்ப வைக்கிறது?
(பொள்ளாச்சி வாசகர்)

ப: உங்கள் ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே விடை தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஆடி மழையில் ஒரு வளைவில் மண் சரிந்தால் எஸ்டேட் பங்களா தனித் தீவு. தேயிலைத் தோட்டம், மூடுபனி, வெளியே சிறுத்தை பயம் என்று எல்லாமே தயாராக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வால்பாறைக்கு இன்னொரு வழி உண்டு. 'மளுக்கப்பாறை வழியா சாலக்குடிக்குப் போலாமே' என்று பின்வரிசையில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அந்தப் பாதையிலும் மரம் விழுந்துவிட்டது என்று முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு பாத்திரம் சொல்லிவிட வேண்டும்.

செல்போனை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். 'டவர் இல்லை' என்று ஒரு வரியில் தப்பிப்பதைவிட, கதையை 1978க்கு நகர்த்துவது நல்லது. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதே ஒரு பதற்றம். அப்படி நகர்த்தினால் மேடைப் பொருள்களும் அந்தக் காலத்துக்குப் போக வேண்டும். மண்டபத்து வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மேடையில் இருந்தாலும் நாடகம் அங்கேயே உடைந்துவிடும். பிரம்பு நாற்காலி, மர ஸ்டூல், சுழற்றும் டயல் போன், வானொலிப் பெட்டி போதும். வானொலிப் பெட்டி வெறும் அலங்காரம் அல்ல. லண்டனில் 1952 நவம்பர் 25 முதல் ஓடும் கிறிஸ்டியின் 'மவுஸ் டிராப்' நாடகத்தில், வெளியே நடந்த கொலையின் செய்தி வீட்டுக்குள் வருவது வானொலி வழியாகத்தான். நடிகர்கள் எட்டுப் பேர், அரங்கம் ஒரே கூடம். செலவு கட்டுப்படியாக வேண்டிய நம் குழுக்களுக்கு நல்ல அளவுகோல் அது.

மலை வேண்டாம் என்றால் சமவெளியிலும் கொங்கு நாட்டுக்கே உரிய தடயங்கள் உண்டு. காதால் கேட்கும் தடயம் மேடைக்கு மிகப் பொருந்தும். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. 'ராத்திரி எட்டரைக்கு அலறல் கேட்டுச்சுங்க' என்று ஒருவர் சாட்சி சொல்கிறார். தறி ஓடிக்கொண்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்காது, கேட்டிருந்தால் அப்போது கரண்ட் போயிருக்க வேண்டும். தறிச் சத்தத்தைத் தாழ்ந்த அளவில் முதல் காட்சி முழுவதும் ஓடவிட்டு, ஓரிடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். சில நொடி அமைதி. யாரும் அதைப் பற்றி ஒன்றும் பேசக் கூடாது. பார்வையாளர் காதிலேயே தடயம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று கிணற்று மோட்டார். 'தோட்டத்துல தண்ணி கட்டிட்டிருந்தேன்' என்பது கொங்கு நாட்டில் எல்லோரும் நம்பும் சாட்சியம். அந்த நேரத்தில் மும்முனை மின்சாரம் இல்லை என்றால் மோட்டார் ஓடியிருக்காது. இதைத் துப்பறிபவர் சொல்லும் முன்பே முன்வரிசை விவசாயி கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்கட்டும். பார்வையாளருக்கு ஒரு தடயமாவது தன் அறிவால் கிடைக்க வேண்டும். அடுத்த தடயத்தை அவர் இன்னும் உற்றுப் பார்ப்பார்.

கே: துப்பறிபவர் கொங்குத் தமிழ் பேசினால் சிரிக்க மாட்டார்களா?
(உடுமலை வாசகர்)

ப: சிரிப்புக்காகப் பேச வைத்தால் சிரிப்பார்கள். எல்லோரும் அதையே பேசினால் பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். கொங்குப் பேச்சின் பலமே, கேட்பது எதுவானாலும் 'ங்க' போட்டுக் கேட்கும் பணிவு. 'ஏனுங்க, நேத்து பொழுதோட நீங்க எங்கீங்க இருந்தீங்க?' என்று தணிந்த குரலில் கேட்கப்படும் கேள்விக்கு, மேசையைத் தட்டிக் கேட்கும் கேள்வியைவிட அச்சம் அதிகம்.

பேச்சே தடயமாகவும் ஆகலாம். 'பல வருசம் கழிச்சு வந்திருக்கற இந்த வூட்டுப் பையன்' என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான். ஆத்தா அவனிடம் 'பொடக்காலில வாளி இருக்குது, எடுத்துட்டு வா கண்ணு' என்கிறார். அவன் வீட்டு முன்பக்கம் போய்த் தேடுகிறான். பொடக்காலி என்றால் கொல்லைப்புறம் என்று இந்த மண்ணில் வளர்ந்த எந்தப் பையனுக்கும் தெரியும். ஆத்தா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே கூடாது. அவன் தவறான பக்கம் போகும்போது மேடையின் மறுபக்கத்தில் ஒரம்பரைக்கு (விருந்தாளிக்கு) காப்பி ஊற்றிக்கொண்டிருக்கட்டும்.

கே: துப்பாக்கிச் சத்தம், இருட்டு இரண்டும் ஒவ்வொரு முறையும் சொதப்புகின்றன. சரி செய்வது எப்படி?
(கோவை பொறியியல் கல்லூரி நாடகக் குழு)

ப: சத்தம் பிந்துவதற்கு முதல் காரணம் புளூடூத் ஸ்பீக்கர். பொத்தானை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் இடையில் காதுக்குத் தெரியும் தாமதம் இருக்கும். நடிகர் விழுந்தபின் 'டுமீல்' வந்தால் கூட்டம் சிரித்துவிடும். ஒயரில் இணையுங்கள். அதற்கென ஒரு ஸ்பீக்கரை மேடைக்குள் சோபாவுக்குப் பின்னால் வையுங்கள். மண்டபத்தின் இருபுறப் பெட்டிகளிலிருந்து வந்தால் சத்தம் துப்பாக்கியிலிருந்து வந்ததாகத் தோன்றாது. ஒலியைப் போடும் ஆளுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கக் கூடாது. மாற்று ஏற்பாடாக, இரண்டடி நீளம், நான்கு அங்குல அகலமுள்ள இரண்டு பிளைவுட் பலகைகளை ஒரு முனையில் கீல் போட்டு இணைத்துத் திரைக்குப் பின்னால் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். கரண்ட் போனாலும் அது வேலை செய்யும். உண்மைத் துப்பாக்கி, குண்டில்லாதது, ஏர் கன் எதுவும் மேடைக்கு வரக் கூடாது. மூடிய மண்டபத்தில் பட்டாசும் வேண்டாம். புகை நிற்கும், நமத்துப்போனால் சத்தமே வராது.

இருட்டுக்கு வருவோம். மண்டபத்து டியூப் லைட்டை அணைத்துப் போட்டு நாடகம் நடத்தாதீர்கள், திரும்ப எரியும்போது விட்டுவிட்டு மின்னும். பழைய ஹாலஜன் விளக்கு அணைத்தபின்னும் இழை சற்று நேரம் சிவந்திருக்கும், அதற்குள் நகரும் நடிகரின் நிழல் தெரிந்துவிடும். எல்இடி பார் விளக்கு உடனே அணையும், ஆனால் அதன் பின்புற எண் திரை ஒளிரும். கறுப்பு டேப் ஒட்டுங்கள். ஜூன் மாதத்தில் கோவையில் ஆறே முக்காலுக்கும் வெளியே வெளிச்சம் இருக்கிறது. மேல் சன்னலை மறைக்க முடியாவிட்டால் நாடகத்தை ஏழேகாலுக்கு மேல் தொடங்குங்கள்.

இருட்டு ஐந்து நொடியைத் தாண்டினால் கூட்டம் பேசத் தொடங்கும், செல்போன் டார்ச் எரியும். இருபதடி மேடையை ஒருவர் நடந்து கடக்கவே ஐந்து நொடி ஆகும். அதனால் இருட்டில் நடக்க வேண்டியவர் முன்னதாகவே பாதி தூரம் வந்து நிற்க வேண்டும். நிற்குமிடம், நாற்காலி மூலை, படி விளிம்பு ஆகியவற்றில் ஓர் அங்குல ஒளிரும் டேப் ஒட்டுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1899இல் அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லட் ஹோம்ஸ் நாடகத்தை மேடையேற்றினார். அதில் ஓர் எரிவாயு அறைக் காட்சி உண்டு. எதிரிகள் சூழ்ந்துகொண்டதும் ஹோம்ஸ் விளக்கை உடைக்கிறார். கும்மிருட்டில் சன்னல் பக்கம் அவர் சுருட்டின் நெருப்பு மட்டும் தெரிகிறது. எல்லோரும் அதை நோக்கிப் பாய்கிறார்கள். சுருட்டை அங்கே விட்டுவிட்டு அவர் வேறு பக்கம் கதவு வழியே வெளியேறிவிடுகிறார். முழு இருட்டைவிட, ஒரு புள்ளி வெளிச்சமுள்ள இருட்டு வலியது. அந்தப் புள்ளியை எங்கே வைக்கிறீர்களோ அங்கேதான் முந்நூறு பேரும் பார்ப்பார்கள், மற்ற இடம் முழுக்க உங்களுடையது. சுருட்டுக்குப் பதில் இன்று ஒரு சிவப்பு எல்இடி போதும்.

கே: மேடை இரத்தம் எப்படிச் செய்வது? வெள்ளை பனியனில் பட்டால் கறை போகுமா?
(திருப்பூர் வாசகர்)

ப: பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் 200 மில்லி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, சிவப்பு ஃபுட் கலர் ஒரு தேக்கரண்டி, கோகோ தூள் அரைத் தேக்கரண்டி, நீல ஃபுட் கலர் ஒரே சொட்டு. கோகோ இல்லாவிட்டால் ரோஸ்மில்க் நிறத்தில் வரும். வாய்க்குள் போகாத இரத்தம் என்றால் ஷாம்பூ ஒரு தேக்கரண்டி சேருங்கள், துவைப்பது எளிதாகும். வாயில் வைப்பதில் ஷாம்பூ கூடாது.

சின்ன பாலித்தீன் துண்டில் 20 மில்லி ஊற்றி நூலால் கட்டி, உள்ளே ஒரு பஞ்சு மெத்தைத் துண்டையும் வைத்துச் சட்டைக்குள் ஒட்டுங்கள். கையால் அழுத்தினால் உடைய வேண்டும், முள்ளோ ஊசியோ வேண்டாம். பருத்தி பனியனில் கறை நன்றாகப் பரவும், அதனால் மேடைக்கு அழகு. ஆனால் முழுதும் போகும் என்று நம்ப வேண்டாம். நாடகம் முடிந்த கையோடு குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், காயவிட்டால் தங்கிவிடும். எத்தனை நிகழ்ச்சியோ அத்தனை பனியன் எடுத்து வைப்பதுதான் நடைமுறை. உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரியும், சிவப்பு வெளிச்சத்தில் வெளிறி மறைந்துவிடும். இரவுக் காட்சிக்கு நீலம் போடுபவர்கள் இரத்தம் தெரிய வேண்டிய நேரத்தில் வெள்ளை விளக்கு ஒன்றையும் கலக்க வேண்டும். அப்புறம், பிணமாகக் கிடப்பவரின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்குவது தெரியும். வயிற்றுப் பக்கத்தைப் பார்வையாளருக்கு மறுபுறமாகத் திருப்பிக் கிடத்துங்கள், மேலே ஒரு போர்வை. சர்க்கரைப் பாகுக்கு எறும்பு வரும். கிராமத்து மேடையில் பிணம் நெளிவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். தரையில் ஊற்றும் இரத்தத்துக்குக் குளுக்கோஸுக்குப் பதில் கிளிசரின் பயன்படுத்துங்கள்.

கே: ஹோம்ஸ் கதையில் பாம்பு பால் குடிக்கிறது, விசிலுக்குத் திரும்பி வருகிறது. இதை நம் ஊர் மேடையில் போட்டால் ஒத்துக்கொள்வார்களா?
(நாமக்கல் வாசகர்)

ப: ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாம்பின் இயல்பு உணவு பால் அல்ல, விசில் கேட்டு நாய்போல் வருகிற பழக்கமும் அதற்குக் கிடையாது. கதையில் சொல்லப்படும் விரியன் இனம் எந்தப் பாம்பு நூலிலும் இல்லாதது. டாயிலே 1910இல் லண்டன் அடெல்ஃபி அரங்கில் இதை நாடகமாக்கியபோது உயிருள்ள பாம்பைப் பயன்படுத்தினார். ஒரு விமர்சகர் அதைப் பார்த்து, அப்பட்டமான செயற்கைப் பாம்பு என்று எழுதினார். உண்மைப் பாம்புகள் மணிக்கயிறுபோல அசையாமல் தொங்கின, அல்லது வாலைக் கிள்ளிய தச்சரை நோக்கித் திரும்பின. கடைசியில் செய்த பாம்பையே வைத்தார்கள், அதுவே திருப்தியாக இருந்தது என்று டாயில் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் பாம்பைப் பிடித்து வைப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கறுப்பு நைலான் கயிறு, மங்கிய வெளிச்சம், நடிகையின் முகம். இந்த மூன்றும் போதும்.

கே: தமிழில் துப்பறியும் நாவல்கள் மேடைக்கும் திரைக்கும் போன வரலாற்றில் நம் பக்கத்துக்குப் பங்கு உண்டா?
(சேலம் வாசகர்)

ப: உங்கள் ஊருக்கே உண்டு. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் துப்பறியும் நாயகர் திகம்பர சாமியார். அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். 1950இல் டி.ஆர். சுந்தரம் இயக்க, எம்.என். நம்பியார் பல மாறுவேடங்களில் நடித்தார். அதற்கு முன்பே வடுவூராரின் 'மேனகா'வை டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக நடத்தினார்கள், 1935இல் அது படமாகவும் வந்தது. அந்தச் சகோதரர்கள் 1944இல் தமிழ் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டியது ஈரோட்டில்.

மாறுவேடம் பற்றி ஒரு வார்த்தை. திரையில் ஒருவர் பத்து வேடம் போடலாம், மேடையில் வேடம் மாற்ற நேரம் வேண்டும். மேல்சட்டை, தலைப்பாகை, மீசை மூன்றை மட்டும் மாற்றவே உதவியாளரோடு நாற்பது நொடி பிடிக்கும். பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ தையுங்கள். மீசையை ஸ்பிரிட் கம் போட்டு ஒட்டினால் வேர்வையில் ஓரம் கிளம்பும், ஒட்டும் இடத்தைப் பஞ்சால் துடைத்து முழுக்கக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள்.

தேவனின் துப்பறியும் சாம்பு மேடைக்கே பிறந்தவர். அசட்டு அதிர்ஷ்டத்தால் துப்புத் துலங்குவதைப் பார்ப்பதில் தனி இன்பம். அந்த வேடத்தில் நடித்த நடராஜனுக்குச் சாம்பு நடராஜன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கே: ஒரு தொடரில் நிறையக் கதைகள் இருக்கின்றன. மேடைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?
(சத்தியமங்கலம் வாசகர்)

ப: கதையை இரண்டு தாள்களில் பிரித்து எழுதிப் பாருங்கள். ஒன்றில் மனிதர்கள் பேசியும் செய்தும் வெளிப்படுவது, மற்றொன்றில் கதைசொல்லி விவரித்தும் துப்பறிபவர் மனதுக்குள் யோசித்தும் வெளிப்படுவது. இரண்டாவது தாள் நீளமாக இருந்தால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள், எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் சரி. இடங்கள் மூன்றுக்குள் இருக்க வேண்டும், ஒன்று என்றால் மிக நல்லது. கொலை நடந்தபின் ஆட்கள் அந்த இடத்தை விட்டுப் போகாமலிருக்கக் காரணம் வேண்டும். நீதிமன்றக் கதைகள் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். கேள்வி கேட்பதே அங்கே சண்டை, ஒரே அரங்கம், யாரும் வெளியேற முடியாது. சுஜாதாவின் 'டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு' பூர்ணம் விஸ்வநாதன் குழுவின் கையில் அவ்வளவு நன்றாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

துணைவர் பாத்திரத்தை வெட்டிவிடாதீர்கள். நாவலில் அவர் கதைசொல்லி. மேடையில் அந்த வேலை போய்விடுவதால் ஆளே வேண்டாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் துப்பறிபவர் யோசிப்பதைப் பார்வையாளர் கேட்க வேண்டுமே, யாரிடம் சொல்வார்? தனக்குத் தானே பேசவிட்டால் பழைய நாடகம்போல் ஆகிவிடும். துணைவர் தவறான ஆளைச் சந்தேகிக்கட்டும், அதுவும் நியாயமான காரணத்தோடு. கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்வார்கள்.

கே: முதல் நாள் பார்த்தவர்கள் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாம் நாள் கூட்டம் பாதியாகிறது. என்ன செய்யலாம்?
(மேட்டுப்பாளையம் குழுவினர்)

ப: 'மவுஸ் டிராப்' நாடகத்தில் வணக்கம் சொல்ல வரும்போது நடிகர் ஒருவர், முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொள்வது வழக்கம். கொரோனா நோய்த்தொற்றுக் காலத்தில் நாடகம் 2020 மார்ச்சில் நின்றது, 2021 மே மாதம் மீண்டும் தொடங்கியது. அது தவிர நாடகம் இத்தனை ஆண்டுகளாக ஓடுகிறது, வேண்டுகோளும் தொடர்கிறது. நீங்களும் கேளுங்கள். கொலையாளியாக நடித்தவரே முன்னால் வந்து, 'நாளைக்கு உங்க பக்கத்து வூட்டுக்காரங்க வருவாங்க, என்னைக் காட்டிக் குடுத்துராதீங்க' என்று கையெடுத்துக் கும்பிட்டால் நம் சனங்கள் காப்பாற்றுவார்கள். நோட்டீசில் குற்றவாளியின் பாத்திரப் பெயரைக் கடைசியிலோ தனியாகவோ அச்சிடாமல், மேடைக்கு வரும் வரிசையில் எல்லாப் பெயர்களையும் போடுங்கள். வாசலில் ஒட்டும் படங்களில் கடைசிக் காட்சிப் படம் எதுவும் இருக்கக் கூடாது. ஒத்திகைக்கு வரும் சவுண்ட் சர்வீஸ் ஆட்களிடமும் பந்தல்காரரிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள், ஊருக்குள் சேதி போவது பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான்.